நீதிக்குச் சாட்சியாய் நின்ற வழக்கறிஞர் ஷாஹித் ஆஸ்மி

(மறைந்த வழக்கறிஞர் ஷாஹித் ஆஸ்மியை நினைவுகூர்ந்து தர்மபுரியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



   

காலையில் பேருந்தில் வரும்போது பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என் கையில் இருந்த நோட்டீசை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க, இவரு பம்பாய்க்காரரு. அங்கே செத்துப் போனவருக்கு நம்ம தர்மபுரியில எதுக்குக் கூட்டம்?"

நியாயமான கேள்வி. ஷாஹித் ஆஸ்மி நம் ஊர்க்காரர் அல்ல. நம் மொழி பேசியவர் அல்ல. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ அரூரிலோ அவருக்கு உறவினர் எவரும் இல்லை. அப்படியிருந்தும் அவருக்காக நாம் ஏன் கூடியிருக்கிறோம்? அந்தப் பெரியவருக்கு நான் பேருந்தில் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இப்போது உங்கள் முன் சொல்லப் போகிறேன்.

பெயரில் இருந்த செய்தி

ஷாஹித் ஆஸ்மி 2010 பிப்ரவரி 11 அன்று மும்பை குர்லாவில் தமது அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கட்சிக்காரர்களைப் போல வந்தவர்கள் சுட்டார்கள். அப்போது அவருக்கு வயது 32.

அவர் கொல்லப்பட்டதால் பலர் அவரை "ஷஹீத்" என்று எழுதுகிறார்கள். உயிர்த் தியாகி என்ற பொருளில் எழுதுகிறார்கள். அவரை அல்லாஹ் அப்படி ஏற்றுக்கொள்வானாக. ஆனால் அவருடைய தாய் வைத்த பெயர் "ஷாஹித்". அரபியில் அதற்குச் சாட்சி என்று பொருள். இரண்டு சொற்களும் ஒரே வேரில் இருந்து வருபவைதான். என்றாலும் அந்த இளைஞரின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, தாய் வைத்த பெயர்தான் அவருக்கு மிகவும் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இறந்ததால் மட்டும் அவர் நினைக்கப்படவில்லை. உயிரோடு இருந்த ஏழு ஆண்டுகள் நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றாரே, அதற்காகவே நினைக்கப்படுகிறார்.

சிறையே கல்லூரியானது

அவர் 1977-ல் மும்பையின் தேவனார் பகுதியில், உத்தரப் பிரதேசத்தின் ஆஸம்கரில் இருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சகோதரர்கள் ஐந்து பேர். 1992 டிசம்பரில் பாபரி பள்ளி இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து மும்பையில் நடந்த கலவரங்களில் 900 பேர் இறந்ததாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அந்த நெருப்பைக் கண்ணெதிரே பார்த்தபோது ஷாஹிதுக்குப் பதினைந்து வயது.

சகோதரர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வயதின் கொதிப்பில் அவர் காஷ்மீர் சென்று ஆயுதப் பாதையை எட்டிப் பார்த்தார். அது தனக்கான பாதை இல்லை என்று உணர்ந்து சிறிது காலத்திலேயே திரும்பி வந்துவிட்டார். அவர் வரலாற்றை எழுதியவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாமும் மறைக்க வேண்டியதில்லை. தவறான வாசலில் இருந்து திரும்பி வந்தவனை மதிக்கத் தெரிந்த மார்க்கம் நம்முடையது.

திரும்பி வந்தவரை 1994-ல் தடாச் சட்டத்தில் கைது செய்தார்கள். தடா எப்படிப்பட்ட சட்டம் என்பதை இங்குள்ள இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1985 முதல் 1995 வரை இருந்தது. சாதாரணச் சட்டப்படி, போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதுதான் சட்டம். அடி தாங்காமல் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான் என்பது வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருந்தது. தடா அந்தப் பாதுகாப்பைப் பறித்தது. உயர் போலீஸ் அதிகாரி எழுதி வாங்கியதே சாட்சியம் ஆனது. அச்சட்டத்தில் 76,000-க்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. மற்றவர்களின் ஆண்டுகள் எங்கே போயின? யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

தாம் தரவே இல்லை என்று ஷாஹித் மறுத்த ஒரு வாக்குமூலத்தை வைத்து அவருக்கு ஐந்தாண்டு தண்டனை விதிக்கப்பட்டது. டெல்லி திஹார் சிறைக்குப் போனார். அங்கேதான் அவர் வாழ்க்கை திசை மாறியது. சிறைக்குள்ளிருந்தே பட்டப்படிப்பில் சேர்ந்தார். படிக்கத் தெரியாத சக கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். 2001-ல் வெளியே வந்து இதழியலும் சட்டமும் படித்தார். பத்திரிகையில் துணை ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு, மூத்த வழக்கறிஞர் மஜீத் மேமனிடம் மாதம் 2,000 ரூபாய்க்கு ஜூனியராகச் சேர்ந்தார்.

சிந்தித்துப் பாருங்கள்! தன்னைச் சிதைத்த ஒரு சட்டம். தன் இளமையைத் தின்ற ஒரு சிறை. வெளியே வந்தவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வெறுத்துப் போய் ஒதுங்கிவிடுவது. இன்னொன்று, பழிவாங்கப் புறப்படுவது. ஷாஹித் இரண்டையும் விட்டுவிட்டுக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அதே நீதிமன்றத்திற்குள் நுழைந்தார்.

உடன் இருந்தவர்கள் சொல்வது

அவருடன் பழகியவர்கள் பேசியவற்றையும் எழுதியவற்றையும் தேடித் தேடிப் படித்தேன். எவரும் அவரை வீராவேசமாகப் பேசியவர் என்று வர்ணிக்கவில்லை. அவர்கள் நினைவில் நிற்பது வேறு. குற்றப்பத்திரிகையை வரிவரியாகப் படித்தவர். பணம் கொடுக்க முடியாத குடும்பத்திடம் கட்டணம் பேசாதவர். மிரட்டல்கள் வந்த பிறகும் வழக்கை விடாதவர். இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

சிலர் சொல்லால் நினைவுகூர்ந்தார்கள். சிலர் தங்கள் வாழ்க்கையாலேயே நினைவுகூர்ந்தார்கள். இரண்டாவது வகையைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவருடைய தம்பி காலித் ஆஸ்மி. அண்ணன் சுடப்பட்டு இறந்த பிறகு தம்பி செய்தது என்ன? அண்ணனின் பாதையிலேயே வழக்கறிஞராகி, அண்ணன் விட்டுச் சென்ற வழக்குகளை நடத்தினார். ஒரு குடும்பம் இதைவிடப் பெரிய இரங்கல் கூட்டம் நடத்த முடியுமா?

அடுத்தவர் அப்துல் வாஹித் ஷேக். பள்ளி ஆசிரியர். 2006 ஜூலை 11 அன்று மும்பை ரயில்களில் குண்டுகள் வெடித்து 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அந்த வழக்கில் கைதானவர். ஷாஹித் ஆஸ்மி அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோருக்காக நின்ற வழக்கறிஞர். வாஹித் ஷேக் சிறைக்குள்ளேயே சட்டம் படித்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், 13 பேரில் அவர் ஒருவர் மட்டும் குற்றமற்றவர் என்று விடுதலையானார். வெளியே வந்தவர் வீட்டில் முடங்கவில்லை. உள்ளே இருந்த 12 பேருக்காகப் பேசினார். பொய் வழக்குகளில் சிக்கியவர்களுக்காக இயங்கினார். சிறை அனுபவத்தை உருதுவில் நூலாக எழுதினார்.

மூன்றாவதாக ஒருவர். ஷாஹித் நடத்திக்கொண்டிருந்த ஃபஹீம் அன்சாரி வழக்கு, அவர் கொல்லப்பட்டதால் பாதியில் நின்றது. ஒரு வழக்கறிஞரைச் சுட்டுக் கொன்ற பிறகு அதே வழக்கின் கட்டை இன்னொருவர் கையில் எடுக்க எவ்வளவு துணிவு வேண்டும்? எடுத்தார். அவர் பெயர் ஆர்.பி. மொகாஷி.  நம் மேடைகளில் அவர் பெயரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நானும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

இரத்தக் கறை படாத வரைபடம்

அந்த ஃபஹீம் அன்சாரி வழக்கு என்ன? 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் நடந்த தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையை எந்த வார்த்தையாலும் நியாயப்படுத்த முடியாது. அப்படி முயல்பவன் இந்தச் சமுதாயத்தின் எதிரி. அந்த வழக்கில், தாக்கியவர்களுக்கு வரைபடம் வரைந்து கொடுத்ததாக ஃபஹீம் அன்சாரி மீதும் சபாவுத்தீன் அஹ்மத் மீதும் குற்றச்சாட்டு. ஃபஹீமுக்காக ஷாஹித் ஆஜரானார்.

ஆதாரம் என்ன? சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு பயங்கரவாதியின் கால்சட்டைப் பையில் வரைபடம் கிடைத்ததாகச் சொன்னார்கள். கடல் கடந்து வந்து, ஓடி, சுட்டு, சுடப்பட்டு, இரத்தத்தில் நனைந்து கிடந்தவனின் பையில் இருந்த காகிதம். அதில் ஒரு துளி இரத்தக் கறை இல்லை. கசங்கவும் இல்லை. எப்படி? இந்தக் கேள்விக்கு நம்பத்தக்க பதில் இல்லை.

2010 மே 3 அன்று சிறப்பு நீதிபதி தஹில்யானி இருவரையும் விடுவித்தார். ஷாஹித் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தாம் காத்த மனிதனின் விடுதலையைப் பார்க்க அவர் இல்லை. அந்த விடுதலையை 2011-ல் உயர்நீதிமன்றமும் 2012-ல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தன. நாடே கொதித்துக்கொண்டிருந்த வழக்கு அது. அந்தக் கொதிப்புக்கு நடுவிலும், ஒரு காகிதத்தில் கறை இல்லையே என்று கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கேட்டால் காது கொடுக்க ஒரு நீதிபதியும் இருந்தார். இரண்டையும் நாம் மறந்துவிடக் கூடாது.

அவருடைய ஏழாண்டு வாழ்வில் 17 விடுதலைகளைப் பெற்றுத் தந்தார் என்று கணக்கிடுகிறார்கள். 2002 டிசம்பர் காட்கோபர் பேருந்து குண்டுவெடிப்பில் பொடாவில் கைதான ஆரிஃப் பான்வாலாவின் விடுதலை அவற்றில் முக்கியமானது. அவர் இறந்த பிறகும் கணக்கு முடியவில்லை. அவர் கையாண்ட 2006 மாலேகான் வழக்கில் பிடிக்கப்பட்ட முஸ்லிம்கள் 2016 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார்கள்.

ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் 2015-ல் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள் தண்டனை. 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர்நீதிமன்றம் 12 பேரும் குற்றவாளிகள் என்று நிரூபிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. 19 ஆண்டுகள்! அந்த 12 பேரில் கமால் அன்சாரி தூக்குக் கைதியாகவே 2021-ல் கொரோனாவில் இறந்து போனார். அவருடைய விடுதலைத் தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. மகாராஷ்டிர அரசு உடனே மேல்முறையீட்டுக்குச் சென்றது. அத்தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும், விடுதலையானவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றும் ஜூலை 24 அன்று உச்சநீதிமன்றம் கூறியது.

மும்பை உயர்நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டோருக்காக வாதாடிய மூத்த வழக்கறிஞர்களில் இருவரை நாம் அறிவோம். ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி எஸ். நாகமுத்து. இன்னொருவர் சென்னையில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கி, ஒடிசா தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற எஸ். முரளிதர். மும்பையில் ஷாஹித் எடுத்த கட்டைத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் சுமந்தார்கள். பேருந்துப் பெரியவருக்கு இது முதல் பதில்.

மதீனாவில் திருட்டுப் போன கவசம்

சிலர் கேட்கிறார்கள்: குண்டு வைத்ததாகப் பிடிக்கப்பட்டவனுக்கு வாதாடுவது சரியா? அவன் உண்மையிலேயே செய்திருந்தால்?

இந்தக் கேள்விக்கு நான் மதீனாவில் இருந்து பதில் சொல்கிறேன். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் வரும் சில வசனங்களுக்குப் பின்னணியாக விரிவுரையாளர்கள் ஒரு நிகழ்ச்சியை எழுதுகிறார்கள். ஒரு வீட்டில் போர்க் கவசம் திருட்டுப் போனது. திருடியவன் முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டவன். பழியோ ஒரு யூதர் மீது போடப்பட்டது. திருடனின் குலத்தார் கூட்டமாக வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தங்கள் ஆளுக்காகப் பரிந்து பேசினார்கள். அப்போது வசனங்கள் இறங்கின. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தது. யூதர் குற்றமற்றவர் என்பது வெளியானது.

இதில் இரண்டு பாடங்கள். முதலாவது, நம்மவன் என்பதற்காகக் குற்றவாளியைக் காப்பாற்றக் கூடாது. இரண்டாவது, நம்மவன் அல்ல என்பதற்காக நிரபராதியைக் கைவிடக் கூடாது. தன் பெற்றோருக்கு எதிராகவே ஆனாலும் நீதிக்குச் சாட்சியாக நில் என்று கட்டளையிடும் மார்க்கத்தில், "அவன் எந்த ஜமாஅத்?" என்று கேட்டுவிட்டு உதவுவதற்கு இடமே இல்லை.

ஒருவன் குற்றவாளியா இல்லையா என்பதைத் தெருவோ, தொலைக்காட்சியோ, பள்ளிவாசல் திண்ணையோ முடிவு செய்ய முடியாது. ஆதாரத்தைச் சோதித்துப் பார்த்த நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். சோதித்துப் பார்க்க எதிர்த்தரப்பில் ஒரு வழக்கறிஞர் இருந்தே ஆக வேண்டும். அவர் இல்லாவிட்டால் உண்மையான குற்றவாளி வெளியே சிரித்துக்கொண்டிருப்பான், வேறொருவன் உள்ளே இருப்பான். குண்டில் இறந்தவர்களுக்கும் நீதி கிடைக்காது.

நம் மாவட்டத்தின் பாடம்

பெரியவருக்கு இரண்டாவது பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வாச்சாத்தி!

1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்திற்குள் புகுந்தன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. முறையிட்ட மக்களைத்தான் கடத்தல்காரர்கள் என்றார்கள். அந்த ஏழைகளின் சொல்லை யார் நம்பினார்கள்? பழங்குடி மக்கள் சங்கத்தினரும் இடதுசாரித் தோழர்களும் வழக்கறிஞர்களும் விடவில்லை. வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்றது. இதோ, நாம் கூடியிருக்கும் இதே தர்மபுரியின் நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வாச்சாத்தியின் சகோதரிகள் 19 ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். ரயில் வழக்கில் உயிரோடு எஞ்சியவர்களும் 19 ஆண்டுகள் சிறையில் கிடந்தார்கள். ஒரு இடத்தில் சீருடை அணிந்தவர்கள் செய்த குற்றத்தை நிரூபிக்க 19 ஆண்டு. இன்னொரு இடத்தில் செய்யாத குற்றத்தை மறுக்க 19 ஆண்டு. இரண்டு இடத்திலும் ஏழைக்கு இருந்த ஒரே ஆயுதம் விடாப்பிடியான வழக்கறிஞர்தான். ஆகவே ஷாஹித் ஆஸ்மி நமக்கு அந்நியர் அல்ல.

நான் சொல்லாமல் விட்ட ஒரு பெயர்

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக எந்த மேடையிலும் சொல்லாதது.

அப்போது நான் இளம் இமாம். ஊரின் பெயர் வேண்டாம். செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்த ஒரு பையனை ஒரு நாள் இரவு சாதாரண உடையில் வந்தவர்கள் அழைத்துச் சென்றார்கள். மறுநாள் ஃபஜ்ரு தொழுகை முடிந்து வெளியே வந்தபோது அவன் தாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஹஜ்ரத், நாளைக்கு ஜும்ஆவுல என் புள்ள பேரைச் சொல்லி ஒரு துஆ கேளுங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜும்ஆவுக்கு முன்பு ஊர்ப் பெரியவர்கள் இருவர் என்னிடம் வந்தார்கள். "பேரைச் சொல்லாதீங்க ஹஜ்ரத். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்கள். நான் கேட்டுக்கொண்டேன். "சிறையில் வாடுவோர் அனைவருக்கும்" என்று பொதுவாகத் துஆ கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அந்தத் தாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சில மாதம் கழித்து அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மஹல்லாவில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் நூறு பேருக்குக் குறையாது. ஒருவரும் வரவில்லை. ஜாமீன் கிடைத்த பிறகும் 22 நாள் அவன் சேலம் சிறையில் கிடந்தான். கடைசியில் அவனுடைய வக்கீலின் குமாஸ்தா அலைந்து திரிந்து இருவரைக் கூட்டி வந்தார். ஒருவர் டீக்கடைக்காரர். இன்னொருவர் ஓய்வு பெற்ற வாத்தியார். வக்கீலும் குமாஸ்தாவும் கையெழுத்துப் போட்ட இருவரும் இந்துச் சகோதரர்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து வழக்கு தள்ளுபடியானது. அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். தேநீர் கொடுத்தார். கோபப்படவில்லை. புறப்படும்போது மட்டும் மெல்லச் சொன்னார்: "பேரைச் சொல்லியிருக்கலாமே, ஹஜ்ரத்."

அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. ஏழாண்டுகள் ஓதிப் பட்டம் வாங்கிய எனக்கு ஒரு பெயரைச் சொல்லத் துணிவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் நான் வாய் மூடி நின்றேன். தன் உயிருக்கு மிரட்டல் இருந்தபோதும் எழுந்து நின்று, "கனம் நீதிபதி அவர்களே, இவருக்காக நான் ஆஜராகிறேன்" என்று பெயர் சொன்னவர் ஷாஹித். அதனால்தான் அவரைப் பற்றிப் பேசும்போது என் குரல் தாழ்கிறது. பெரியவருக்கு இது மூன்றாவது பதில்.

யூசுஃப் நபி வெளியே வர மறுத்தது ஏன்?

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு நீங்கள் அறிந்தது. பொய்ப் பழி சுமத்தப்பட்டுப் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள். மன்னனின் கனவுக்கு விளக்கம் சொன்ன பிறகு, வெளியே வரும்படி மன்னனிடமிருந்து ஆள் வந்தது. நாமாக இருந்தால் ஓடி வந்திருப்போம். அவர்கள் வரவில்லை. கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் செய்தி என்னவென்று முதலில் விசாரிக்கும்படி தூதனைத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணை நடந்தது. உண்மை வெளிப்பட்டது. பிறகே வெளியே வந்தார்கள்.

கதவு திறந்தால் மட்டும் போதாது. பழி துடைக்கப்பட வேண்டும். இதுதான் அந்த நபி கற்றுத் தந்த பாடம். இங்கே நடப்பது என்ன? கோவை வழக்கில் 1998-ல் பிடிக்கப்பட்ட அப்துல் நாசர் மஅதனி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2007 ஆகஸ்ட் 1 அன்று குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு என்ன விலை? மூன்று நீதிமன்றங்கள் விடுவித்த ஃபஹீம் அன்சாரி, வேறொரு வழக்கின் தண்டனையையும் முடித்து 2019-ல் வெளியே வந்தார். பிழைப்புக்கு ஆட்டோ ஓட்டலாம் என்றால் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. அதற்காக அவர் 2025-ல் உயர்நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று.

அரசாங்கத்தைக் குறை சொல்வது எளிது. நாம் என்ன செய்கிறோம்? விடுதலையானவனுக்கு நம்மில் யார் பெண் கொடுக்கிறோம்? யார் கடையில் வேலை கொடுக்கிறோம்? "அந்தக் கேஸ்ல இருந்தவனா?" என்று நாமே கேட்கிறோம். நீதிபதி துடைத்த பழியை நாம் திரும்பப் பூசுகிறோம்.

நினைவு வேலையாக மாறட்டும்

மேடையில் நான் குரலை உயர்த்தினால் நீங்கள் தக்பீர் முழங்குகிறீர்கள். அந்த முழக்கம் நீதிமன்றப் படிக்கட்டு வரை வருவதில்லை. ஷாஹிதை நினைப்பது உண்மை என்றால், இன்று வீட்டுக்குப் போகும்போது நான்கு வேலைகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலாவது, கைது நடந்த நாள். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கைது குறிப்பு எழுதப்பட வேண்டும். உறவினருக்குச் செய்தி தரப்பட வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன்பு நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. இதை ஒவ்வொரு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் எழுதி மாட்டுங்கள். காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் பார்க்காமல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். இது பிச்சை அல்ல, சட்டம் தந்த உரிமை.

இரண்டாவது, ஜாமீன்தாரர் பட்டியல். ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்துப் பேர், வீட்டு வரி ரசீதோடு, முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள். 1978-ல் மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனார் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் காட்ட முடியாமல் தவித்தபோது, ஏழையிடம் இப்படிக் கேட்பது நீதியாகாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அதை 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணையாகக் குறைத்தார். அவர் போன்ற நீதிபதிகள் எல்லா நாளும் கிடைக்க மாட்டார்கள். நாம் தயாராக இருப்போம். அந்தப் பட்டியல் முஸ்லிமுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். எங்கள் பையனுக்குக் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரர் அப்படிப் பார்க்கவில்லை.

மூன்றாவது, மஹல்லாவுக்கு ஒரு வழக்கறிஞர். 2017-ல் நம் தர்மபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. இனி சென்னைக்கோ சேலத்துக்கோ அனுப்ப வசதியில்லை என்று சொல்ல முடியாது. ஆண் பிள்ளை மட்டும் அல்ல, பெண் பிள்ளைகளையும் சேருங்கள். திருமண மண்டபத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் செலவாகும் பணம் ஒரு மாணவியின் கல்விச் செலவுக்கு எவ்வளவோ உதவும்.

நான்காவது, வெளியே வந்தவன். அவனுக்கு வேலை கொடுங்கள். முதல் வரிசையில் தொழ நிற்கும்போது அவன் பக்கத்தில் நில்லுங்கள். அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

சகோதரர்களே! ஷாஹித் ஆஸ்மியைக் கொன்ற வழக்கே பத்தாண்டுகளுக்கும் மேல் விசாரணையில் இழுத்தடித்தது. பிறருக்கு நீதி தேடியவரின் குடும்பமும் நீதிக்காக வரிசையில் நின்றது. ஆனால் சுட்டவர்கள் நினைத்தது நடக்கவில்லை. அந்தக் கட்டுகளைத் தம்பி எடுத்தார். மொகாஷி எடுத்தார். சிறையில் இருந்தவரே சட்டம் படித்து எடுத்தார். தர்மபுரியில் யார் எடுக்கப் போகிறீர்கள்?

இறைவா! ஷாஹித் ஆஸ்மியின் பிழைகளைப் பொறுத்து அவர் உழைப்பை ஏற்றுக்கொள்வாயாக. சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் வாய் மூடி நின்ற எங்களை மன்னிப்பாயாக. எந்த மதத்தவராயினும், செய்யாத குற்றத்திற்காகச் சிறையில் இருக்கும் ஒவ்வொருவரையும் அவரவர் தாயிடம் சேர்ப்பாயாக.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஜாமீன்தாரர் பட்டியலுக்கு. முதல் பெயரை நான் எழுதிவிட்டேன். போகும்போது உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும்.